தாளின் பின்பக்கம்

குறிஞ்சாக்கேணி,
கிண்ணியா.
12.01.2025

அன்புள்ள ஹுஸ்னியா,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் சுகம். நோர்வேக் குளிரில் நீ விறைத்துப்போகாமல் இருக்க துஆச் செய்கிறேன். ஒரு நொடியில் கைபேசியில் முகம் பார்க்கிற காலத்தில் என்னைப் பதிவுத் தபால் வரிசையில் நிற்க வைத்த ஆள் நீதான். உன் ஆய்வுக்கு நான் எடுக்கிற பேட்டித் தாள்களைப் படம் பிடித்து அனுப்பக்கூடாது, பேட்டி தந்தவர்களைப் பற்றித் தொலைபேசியில் ஒரு சொல் கதைக்கக்கூடாது என்று உன் பல்கலைக்கழகத்தார் சட்டம் போட்டுவிட்டார்கள். தபாற்கந்தோர்க்காரர் எனக்கு 'நோர்வே டீச்சர்' என்று பெயரும் வைத்தாயிற்று. சரி, தாளோடு ஒரு கடிதமும் போகட்டும். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து கதைத்ததற்காக அடி வாங்கிய நமக்கு, இப்போது பதினெட்டு நாளுக்கு ஒருமுறைதான் கதை.

இத்துடன் பதினாறு பேட்டிகள், கே-1 முதல் கே-16 வரை. நீ சொன்னபடியே பெயர் எங்கும் இல்லை. எல்லாரும் கலியாணம் முடித்தவர்கள், எல்லாருக்கும் வீடு அவரவர் பெயரில். அப்படிப்பட்டவர்களைத் தேட எனக்குக் கஷ்டமே இல்லை. எங்கள் ஊரில் பெண்ணுக்கு வீடு எழுதாமல் எந்தக் கலியாணம் நடந்தது?

உன் ஒன்பது பக்கத் தாளைப் பற்றித்தான் முறைப்பாடு. 'இந்த வீட்டில் உங்கள் சொல் எவ்வளவு எடுபடும்? ஒன்று முதல் ஐந்து வரை சொல்லுங்கள்' என்று கேட்டால், கே-4 என்னிடமே திருப்பிக் கேட்கிறா, "எத்தின எடுத்தா பாஸ், புள்ள?" கே-9 இன்னும் மோசம். "மத்தவளுகள் எத்தின சொன்னவளுகள்? அதவிட ஒண்டு கூடப் போடுங்க." சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினேன். பிறகு, தனிமையில் கேட்க வேண்டுமாம். எந்த வீட்டில் தனிமை இருக்கிறது? மகளுக்கு வீட்டை எழுதிக் கொடுத்த உம்மா, குசினியை ஒட்டிய பின்னறையில்தான் இருப்பா. அங்கிருந்து எல்லாம் கேட்கும்.

முப்பத்தாறு கேள்வியிலும் 'உங்களுக்கும் உங்கள் கணவருக்கும் இடையில்' என்றே வருகிறது. ஒரு வீட்டில் இரண்டு பேர்தானா இருக்கிறார்கள்? எனக்கு விளங்கவில்லை, நீதான் விளக்க வேண்டும்.

தங்கச்சி மின்ஹாவுக்குச் சம்பந்தம் பேசுகிறார்கள். முன்பள்ளியில் பிள்ளைகள் கூடிவிட்டார்கள், என் தொண்டை கட்டிப்போய்க் கிடக்கிறது. என் மனுசன் றிகாஸைப் பற்றிக் கேட்காதே. நாலு வருடமாகக் கட்டாரில்தான்.

வஸ்ஸலாம்,
உன் ஷிஃபா


பேர்கன், நோர்வே.
03.02.2025

என் அன்பு ஷிஃபா,

வஅலைக்கும் முஸ்ஸலாம். உன் கையெழுத்தைக் கண்டதும் அழுகை வந்துவிட்டது. இங்கே மழை, மழை, மழை. அறையில் நானும் மடிக்கணினியும்தான். தாள்களை விரித்து வைத்து, கே-4 சொன்னதை இங்குள்ள இரண்டு பிள்ளைகளுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர்களும் சிரித்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் கணக்கு உனக்குத்தான் ஓடும், எனக்கு நீ சொல்லித் தருவாய். முதல் தடவையாக நான் உனக்குச் சொல்லித் தருகிறேன், கேள். ஒரு வீட்டில் புருசனும் பெண்சாதியும் இழுபறிப்பட்டால், உறவு முறிந்தாலும் போய் நிற்க இடம் உள்ளவர் பக்கம்தான் முடிவு சாயும். இதுதான் என் கோட்பாடு. உலகத்தில் எத்தனையோ இடங்களில் அந்த இடம் ஆணுடையது. எங்கள் ஊரில் பெண்ணுடையது. அப்படியானால் எங்கள் பெண்களின் சொல் எடுபட வேண்டும். அதை அளக்கத்தான் அந்த முப்பத்தாறு கேள்வியும். கோட்பாடு இரண்டு பேரைப் பற்றிப் பேசுவதால் கேள்வியும் இரண்டு பேரைப் பற்றியது. உம்மா, காக்கா, மாமி என்று எல்லாரையும் உள்ளே விட்டால் எதை அளந்தோம் என்றே தெரியாமல் போய்விடும்.

ஆகவே தயவுசெய்து கேள்விகளை மாற்றாதே. ஆளுக்கொரு விதமாகக் கேட்டால் ஒருவரோடு ஒருவரை ஒப்பிட ஏலாது. உன் வாய் சும்மா இருக்காது என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் சொல்கிறேன், உனக்கு மட்டும். இங்கே என் தலைத்துணியைப் பார்த்ததும் எனக்கு வாயே இல்லை என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் பெண்களின் கையில் வீட்டு உறுதிப் பத்திரம் இருக்கிறது என்று நான் முதல் தடவை சொன்னபோது வகுப்பே திரும்பிப் பார்த்தது. அதை நான் நிரூபிக்க வேண்டும், ஷிஃபா. செப்டெம்பருக்குள் ஆய்வை ஒப்படைக்காவிட்டால் வீசாவும் முடிந்துவிடும். மொத்தம் இருபத்துநாலு தாள் தேவை. மிச்சம் எட்டையும் நோன்புக்கு முன் அனுப்பிவிடு.

உம்மாவுக்கு என் சலாம் சொல்லு.

உன் ஹுஸ்னியா


குறிஞ்சாக்கேணி.
26.02.2025

அன்புள்ள ஹுஸ்னியா,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்தா உன் எட்டுத் தாள். இன்னும் மூன்று நாலு நாளில் நோன்பு தொடங்கிவிடும். குசினியில் உம்மா கஞ்சிக்கு அரிசி புடைக்கிற சத்தம் கேட்கிறது.

உன் பாடம் விளங்கியது. விளங்கியபடியால்தான் பயமாக இருக்கிறது. கோட்பாட்டுக்கு இரண்டு பேரைத்தான் தெரியும். ஆகவே தாள் இரண்டு பேரைப் பற்றிக் கேட்கிறது. ஆகவே பெண்கள் இரண்டு பேரைப் பற்றிச் சொல்கிறார்கள். கடைசியில் நீ, 'பார்த்தீர்களா, இரண்டு பேர்தான்' என்று எழுதுவாய். நீ கேட்காததை அவர்கள் சொல்லவில்லை. சொல்லாததை இல்லை என்று எழுதிவிடாதே.

கே-17இன் தாளைக் கவனமாகப் பார். முன்பக்கங்களில் எல்லாக் கேள்விக்கும் ஐந்து. புருசன் வெளிநாட்டில், வருகிற நோக்கம் இல்லை. அவளாகத்தான் எல்லாம் முடிவெடுக்கிறாள். சண்டை பிடிக்க ஆளில்லாத வீட்டில் யாருக்கும் ஐந்து வரும். கடைசித் தாளின் பின்பக்கம் நான் எழுதியிருப்பதைத்தான் நீ வாசிக்க வேண்டும். கேள்வியை மாற்றவில்லை, திட்டாதே. முடிந்த பிறகு அவள் சொன்னதை எழுதினேன், அவ்வளவுதான்.

அவளுக்கு ஒரு தங்கச்சி. சம்பந்தம் கூடி வந்திருக்கிறது, மாப்பிள்ளை வீட்டார் வீடு கேட்கிறார்கள். வாப்பா மௌத்தாகிவிட்டார், வேறு வளவோ காணியோ இல்லை. இருக்கிற ஒரே வீடு இவளுடையது. உம்மாவும் கூடப்பிறந்த காக்காவும் இவளை நெருக்குகிறார்கள். "புருசனுமில்ல, புள்ளையுமில்ல, உனக்கு என்னத்துக்கு இவ்வளவு பெரிய வீடு?" இதைச் சொன்னது சொந்த உம்மா. கை நீட்டி அடிக்கவில்லை, கத்தவில்லை. சோறு போட்டுக்கொண்டே சொல்கிறா. ஹஜ்ஜுப் பெருநாள் முடிய, ஜூன் பதினாறாம் தேதி, வீட்டு உறுதியை மாற்றி எழுத நொத்தாரிசிடம் போக நாள் குறித்திருக்கிறார்கள்.

அவள் என்னிடம் கேட்டாள், "தாள் எழுதின மனுசி படிச்சவதானே, அவவிட்டக் கேட்டுச் சொல்லுங்க, நான் என்ன செய்யட்டும்?" ஹுஸ்னியா, அவளுக்கு என்ன சொல்ல? இதற்கு எனக்கு மறுமொழி வேண்டும்.

மின்ஹாவின் சம்பந்தமும் சரிவந்துவிடும் போலிருக்கிறது. மாப்பிள்ளை மூதூர்.

உன் ஷிஃபா


பேர்கன்.
25.03.2025

என் அன்பு ஷிஃபா,

நோன்பு எப்படிப் போகிறது? இங்கே நோன்பு திறக்க என்னோடு ஒருவரும் இல்லை. பேரீச்சம்பழத்தை வாயில் வைத்துக்கொண்டு உங்கள் வீட்டுக் கஞ்சியை நினைத்துக்கொள்கிறேன்.

எனக்கு நல்ல செய்தி. கணக்குப் பார்த்தேன், கோட்பாடு அப்படியே நிற்கிறது! இருபத்துநாலு பேரில் உச்சம் கே-17. எல்லாமே ஐந்து. என் மேற்பார்வையாளர் அம்மா அந்த வரிசையைப் பார்த்துவிட்டு, இதைவிடத் தெளிவான ஆளை அவ கண்டதில்லை என்றா. கே-17ஐ வைத்துத்தான் என் நாலாம் அதிகாரத்தையே தொடங்குகிறேன். அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருக்கிறது.

பின்பக்கத்தையும் வாசித்தேன். மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அது என் கேள்விக்கு வெளியே நடப்பது, ஷிஃபா. அதோடு, பேட்டி தந்தவருக்கு ஆய்வாளர் புத்தி சொல்லப் போகக்கூடாது. சொன்னால் நான் அளக்க வந்ததை நானே மாற்றியதாகிவிடும். உறுதி அவள் பெயரில்தானே இருக்கிறது? வேண்டாம் என்று சொல்ல அவளால் முடியும். அதற்குப் பெயர்தான் பலம்.

இத்துடன் இரண்டு பக்கம் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். ஆய்வின் முடிவை ஊருக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது இங்கே விதி. உங்கள் மாதர் சங்கக் கூட்டத்தில் நீயே வாசித்துவிடு. உன் குரல் கணீரென்று இருக்கும்.

மின்ஹாவின் சம்பந்தம் சரிவந்ததா? அவளுக்கு நான் என்ன அனுப்ப?

உன் ஹுஸ்னியா


குறிஞ்சாக்கேணி.
22.04.2025

ஹுஸ்னியா,

வாசித்தேன். போன சனிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு, மாதர் சங்க மண்டபத்தில், முப்பது நாப்பது பெண்களுக்கு முன்னால், நீ எழுதியதை என் வாயால் வாசித்தேன். 'கணவர் வெளிநாட்டில் இருக்கும் ஒரு சகோதரி எல்லா விடயத்திலும் தானே முடிவெடுக்கிறார், ஐந்துக்கு ஐந்து, வீட்டுரிமை பெண்ணுக்குத் தரும் பலத்துக்கு அவரே சாட்சி.' முன் வரிசையில் என் உம்மா இருந்தா. வாசித்து முடியமுதல் பக்கத்து மாமியிடம் சொல்லிவிட்டா, "அது எங்கட புள்ளதான். குசினிக்குள்ள இருந்து நான் கேட்டனான், அஞ்சு அஞ்செண்டு சொன்னவள்."

ஓம். கே-17 நான்தான்.

பதினேழாவதாக வர இருந்த மனுசி கடைசி நேரத்தில் ஏலாது என்றுவிட்டா. உனக்கு நாள் நெருக்கம். எனக்கும் தகுதி இருந்தது. கலியாணம் முடித்தவள், வீடு என் பெயரில். கதவைச் சாத்திவிட்டு, கதிரையில் இருந்து, கேள்வியைச் சத்தமாக வாசித்து நானே மறுமொழி சொல்லி நானே எழுதினேன். விளையாட்டாகத்தான் தொடங்கியது. முப்பத்தாறும் முடிந்து கூட்டிப் பார்த்தால் இந்த ஊரிலேயே நான்தான் ராணி. அப்போதுதான் தாளைப் பின்பக்கம் திருப்பினேன். இது பிழை என்று எனக்குத் தெரியும். உன் ஆய்வில் நான் செய்த களவு அது. ஏச வேண்டுமானால் ஏசு.

ஆனால் நீ கண்டுபிடிப்பாய் என்றிருந்தேனடி. ஒரே உறையில், கடிதத்தில் என் தங்கச்சியின் சம்பந்தம், தாளின் பின்பக்கம் கே-17இன் தங்கச்சியின் சம்பந்தம். ஒன்றை வாசித்துவிட்டு அடுத்ததை வாசித்திருக்கிறாய். மின்ஹாவுக்கு என்ன அனுப்ப என்று கேட்டிருக்கிறாய். பரீட்சையில் என் தாளைப் பார்த்து எழுதியே பாஸானவள் நீ. இந்தத் தாளை மட்டும் ஏன் பார்க்காமல் போனாய்?

அன்று மஃரிபுக்குப் பிறகு இக்ராம் காக்கா வந்தார். கோபமே இல்லை. "படிச்ச ஆக்களே சொல்லிட்டாங்களாமே, நீ பலமான ஆளெண்டு. மின்ஹா பாவம், அவளுக்கு என்ன இருக்கு? நீ எங்கயும் சமாளிப்பாய்." நீ தந்த ஐந்தைத்தான் எனக்கே திருப்பிக் காட்டுகிறார். ஏலாதவள் என்று சொல்லிக்கொண்டிருந்தாலாவது வீடு மிஞ்சியிருக்குமோ என்னவோ.

உன்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். காசு வேண்டாம், ஓடி வரவும் வேண்டாம். அந்த இரண்டு பக்கமும் பிழை என்று உன் கையால் எழுதி அனுப்பு. இந்தத் தாள் உம்மாவையும் காக்காவையும் பற்றிக் கேட்கவில்லை, ஆகவே ஐந்து என்பது ஐந்தல்ல என்று எழுது. அதே மண்டபத்தில், அதே பெண்களுக்கு நான் வாசிக்கிறேன். உம்மா உன் சொல்லைக் கேட்பா, உன்னை அவவுக்குப் பெருமை. ஜூன் பதினாறுக்கு முன் வந்து சேர வேண்டும்.

ஷிஃபா


பேர்கன்.
12.05.2025

என் ஷிஃபா,

உன் கடிதத்தை எத்தனை தரம் வாசித்தேன் என்று தெரியாது. நான் குருடி. என் பக்கத்தில் இருந்தவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. என்னை மன்னித்துக்கொள் என்று எழுதவே கை கூசுகிறது.

இதை எப்படிச் சொல்ல? பேட்டி எடுத்தவரே பேட்டி கொடுத்திருந்தால் அந்தத் தாளை நான் வைத்திருக்க முடியாது. மேற்பார்வையாளர் அம்மாவிடம் சொன்னேன். அவ கோபிக்கவில்லை, கே-17ஐ நீக்கிவிட்டு மற்ற இருபத்துமூன்று பேரோடு மறுபடி கணக்குப் பார் என்றா. பார்த்தேன். நீ இல்லாமலும் முடிவு மாறவில்லை, ஷிஃபா. அதே முடிவுதான்.

அதனால் அந்த இரண்டு பக்கம் பிழை என்று எப்படி எழுத? உன்னைப் பற்றிய பந்தியை எடுத்துவிட்டேன் என்று எழுதலாம், அதை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். மற்றதெல்லாம் என் கணக்குப்படி சரி. நான் கேட்ட கேள்விக்கு அதுதான் மறுமொழி. கேள்வியே பிழை என்று இப்போது சொன்னால் ஐந்து வருடம் போய்விடும். நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு வெறுங்கையோடு ஊருக்கு வர வேண்டியதுதான். நீ சொல்வதில் நியாயம் இருக்கிறது. இருக்கிறபடியால்தான் நித்திரை இல்லை. ஆய்வு முடியட்டும், அடுத்த கட்டுரையில் இதை எழுதுகிறேன். சத்தியமாக எழுதுகிறேன்.

கையெழுத்து வைக்காதே, ஷிஃபா. உறுதி உன் பெயரில் இருக்கிறது. உனக்கு முடியும்.

உன் ஹுஸ்னியா


மின்ஹாவின் வீடு (பின்னறை),
குறிஞ்சாக்கேணி.
19.06.2025

ஹுஸ்னியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதம் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்பே வந்துவிட்டது. நீ உள்ளே வைத்திருந்த 'அந்தப் பந்தி நீக்கப்பட்டுள்ளது' என்ற துண்டை நான் எங்கும் வாசிக்கவில்லை. வாசித்தால், இந்தப் பிள்ளை என்ன களவு செய்தாள் என்றுதான் கேட்பார்கள்.

திங்கட்கிழமை திருகோணமலைக்குப் போனோம். உம்மா, இக்ராம் காக்கா, மின்ஹா, நான். நொத்தாரிசின் கந்தோர் உட்துறைமுக வீதியில். யன்னலால் கடல் தெரிந்தது, ஒரு கப்பல் அசையாமல் நின்றது. மின்ஹா என் முகத்தைப் பார்க்கவேயில்லை. அவளிலும் பிழையில்லை, அவளுக்கும் வேறு இடம் இல்லை. நொத்தாரிசு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கேட்டார், "ஒருத்தரும் நெருக்கேல்லத்தானே? சுயவிருப்பத்தோடதானே எழுதிக் குடுக்குறீங்க?"

நான் "ஓம்" என்றேன்.

உன் தாளாக இருந்திருந்தால் அதற்கும் ஐந்துதான் விழுந்திருக்கும்.

திரும்பி வருகிற பஸ்ஸில் உம்மாவுக்கு யன்னல் பக்கம் கொடுத்து நான் பக்கத்தில் இருந்தேன். கதைக்கிற எண்ணம் எனக்கு இல்லை. கிண்ணியாப் பாலத்தில் பஸ் ஏறும்போது அவவாகவே சொன்னா, "உனக்கு எழுதித் தந்த அண்டைக்கும் அந்த மனுசன் இதத்தான் கேட்டவர். நானும் ஓம் எண்டுதான் சொன்னனான்."

நான் திரும்பிப் பார்த்தேன். அவ வெளியே பார்த்துக்கொண்டிருந்தா. குத்திக்காட்டுகிற மாதிரியும் சொல்லவில்லை. "அண்டைக்கு நீ என்ன செஞ்சுகொண்டிருந்தாய் தெரியுமா? மருதாணி நல்லாச் செவந்திருக்கா எண்டு கையப் பாத்துக்கொண்டிருந்தாய்."

உண்மை. எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வலது கை நன்றாகச் சிவந்திருந்தது, இடது கை கொஞ்சம் மங்கல். பதினொரு வருடம் முந்திய விசயம். நான் கையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் என் உம்மா தன் வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, அன்று மாலையே தன் பெட்டியைக் குசினிப் பக்கத்து அறைக்கு இழுத்துப் போனா. அது அப்படித்தானே நடக்கும் என்று நானும் இருந்துவிட்டேன். உம்மாவைப் பற்றிக் கேட்கவில்லை என்று உன்னோடு இத்தனை கடிதத்தில் சண்டை பிடித்தேன். அடுத்த அறையில் இருந்த நானும் ஒருநாளும் கேட்கவில்லை. உனக்காவது நோர்வே தூரம்.

உன்னில் எனக்குக் கோபம் இல்லை என்று பொய் எழுத மாட்டேன். கோபம்தான். உனக்கு ஐந்து வருடம் போய்விடும் என்று எழுதினாய், அதையும் நான் நினைத்துப் பார்த்தேன். நான் உன் இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. ஆனால் நீ என்னை எடுத்துவிட்டுக் கணக்குப் பார்த்தாய், கணக்குச் சரியாக வந்தது என்றும் எனக்கே எழுதினாய். அதை என்னால் மறக்க ஏலாது. இனி எனக்குத் தாள் அனுப்பாதே. மிச்சமிருந்த வெற்றுத் தாள்களை முன்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன், பின்பக்கத்தில் படம் கீறுகிறார்கள். நீயாக ஊருக்கு வந்தால் தேத்தண்ணி ஊற்றித் தருவேன். அதற்குமேல் இப்போதைக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை.

கலியாணம் வருகிற வியாழன். என் அலுமாரியைப் பின்னறைக்கு மாற்றியாயிற்று. உம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு பாய் போட இடம் இருக்கிறது. நேற்று சாமான் அடுக்கிக்கொண்டிருக்கும்போது, "உம்மா, அண்டைக்கு உங்களுக்கு எப்பிடி இருந்த?" என்று கேட்டேன். அவ முதலில் சிரித்தா. பிறகு கட்டிலில் குந்திக்கொண்டு சொல்லத் தொடங்கினா. லுஹர் பாங்கு சொல்லியும் அவவின் கதை முடியவில்லை. நான் எதையும் எழுதவில்லை.

வஸ்ஸலாம்,
ஷிஃபானா